நீலத் திரையில் வரும் பெயர் குற்றவாளியின் பெயரா?

பழைய கணினி ஒன்று திடீரென நீலத் திரை காட்டி நின்றுவிட்டால், அதில் ஏதாவது ஒரு டிரைவரின் பெயரும் இருந்துவிட்டால், நம் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "ஃபார்மட் பண்ணிடலாம் சார், சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். இல்லையென்றால் அந்தக் கணினி அறையின் மூலைக்குப் போகும். சில மாதங்களில் இருப்புப் பதிவேட்டில் 'பழுது' என்ற ஒரு சொல்லாகிவிடும். முதல் வழியில் உள்ளே இருந்த கோப்புகள் போகும். இரண்டாம் வழியில் கணினியே போகும். இந்த இரண்டுக்கும் முன்னால் செய்து பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், இயற்பியல் ஆய்வகத்தில் கிடக்கும் மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை இவை போதும். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கணினிப் பொறியாளர் அல்ல. கணினி ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்காகவே இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அறிவியல் அறையில் உள்ள கணினி, முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்தது. பென்டியம் 4 செயலி, 512 எம்பி நினைவகம், விண்டோஸ் எக்ஸ்பி, மதர்போர்டின் ஏஜிபி ஸ்லாட்டில் தனியாகச் செருகிய கிராபிக்ஸ் கார்டு. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இதைவிடப் புதிய கணினிகள் இருக்கின்றன. ஆனால் அவை மதிப்பீடுகளுக்கும் மேல்நிலை வகுப்புகளின் செய்முறைக்கும் என நாள் முழுவதும் ஓய்வில்லாமல் ஓடுபவை. ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் வகுப்புகளுக்குப் பழைய புரொஜெக்டரோடு சேர்ந்து நிற்பது இந்த ஒன்றுதான். இதில் செலஸ்டியா என்ற இலவச மென்பொருளைக் கொண்டு சூரியக் குடும்பத்தைக் காட்டுவேன். 2001இல் முதலில் வெளியான மென்பொருள் என்பதால் இந்த வயதான இயந்திரத்திலும் ஓடும். சனிக்கோளின் அருகே போய், வளையத்தின் தளத்துக்கு நேராக வந்து நின்றால் அவ்வளவு பெரிய வளையம் ஒரு கோடாக மெலிந்து காணாமல் போகும். அப்போது வகுப்பில் எழும் சத்தத்தைப் பாடநூலில் உள்ள எந்தப் படத்தாலும் எழுப்ப முடியாது. நீலத் திரை வந்தது பெரும்பாலும் இந்த வகுப்புகளில்தான். பாடம் நின்றுவிடும், கணினி மறுபடி எழுந்து வருவதற்குள் மணி அடித்துவிடும்.

வெளியிலிருந்து வந்த தொழில்நுட்பர் ஒருவர் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்தார். இரண்டு முறையும் ஒரு வாரத்துக்குள் பழைய கதை திரும்பியது. முதல் முறை ஃபார்மட் செய்தபோது, சக ஆசிரியை ஒருவர் பல ஆண்டுகளாக யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த வினாத்தாள்கள் முழுவதும் போயின. ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் அறிவுரை டிரைவரைப் பற்றியதே அல்ல. எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். கணினி எழும்பவே மறுத்தால், தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டி சேஃப் மோடில் நுழைந்து நகல் எடுக்கலாம். பழைய எழுத்துருவில் உள்ள ஆவணங்கள் என்றால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் வேறு கணினியில் திறந்தால் வினாத்தாள் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

டிரைவர் செய்யும் வேலை

செலஸ்டியா போன்ற ஒரு மென்பொருளுக்குக் கிராபிக்ஸ் கார்டின் மொழி தெரியாது. "இந்த முக்கோணத்தை வரை, அதன்மேல் இந்தப் படத்தை ஒட்டு" என்று பொதுவான மொழியில் கேட்கும். ஓப்பன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் என்பவை அத்தகைய பொதுமொழிகள். அந்த வேண்டுகோளைக் குறிப்பிட்ட ஒரு கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி, வரிசையில் வைத்து, கார்டு முடித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே டிரைவரின் வேலை.

இந்த வேலை எங்கே நடக்கிறது என்பதில்தான் பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் பெரிய வேறுபாடு. விண்டோஸின் மையப்பகுதியைக் கெர்னல் என்பார்கள். சாதாரண மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருக்கும் ஒன்று தவறு செய்தால் கணினி முழுவதும் நிற்கும். விண்டோஸ் என்டி வரிசையில் திரைக்கு வரையும் பகுதி தொடக்கத்தில் கெர்னலுக்கு வெளியேதான் இருந்தது. 1996இல் வந்த என்டி 4.0இல் வேகத்துக்காக அதை உள்ளே கொண்டுவந்தார்கள். எக்ஸ்பியும் அந்த வழியில் வந்ததுதான். பிறகு விஸ்டாவில் டிரைவரின் பெரும்பகுதியை மறுபடி வெளியே அனுப்பினார்கள். கார்டு 2 விநாடிகளுக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை மீண்டும் தொடங்கிவிடும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். அதனால்தான் விண்டோஸ் 7 கணினியில் திரை ஒரு கணம் கறுத்து, 'டிஸ்ப்ளே டிரைவர் நின்றது, மீண்டுவிட்டது' என்ற அறிவிப்போடு பிழைத்துக்கொள்ளும் கோளாறு, எக்ஸ்பி கணினியைக் கீழே தள்ளிவிடுகிறது. கோளாறு ஒன்றேதான். தாங்கும் விதம் வேறு.

எங்கள் திரையில் வந்த சொற்கள் 'திரெட் ஸ்டக் இன் டிவைஸ் டிரைவர்'. எக்ஸ்பி காலத்தில் கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கு மிகவும் பழக்கமான சொற்றொடர் இது. இதன் எண் 'இஏ' என்று முடியும். டிரைவர் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வரவில்லை என்பது அதன் பொருள். டிரைவர் ஏன் சுற்றிக்கொண்டிருந்தது? பெரும்பாலும் கார்டு 'முடித்துவிட்டேன்' என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்ததால். கார்டு ஏன் சொல்லவில்லை? அதைப் பற்றி நீலத் திரைக்கு எதுவும் தெரியாது. சூடு ஏறியிருக்கலாம், மின்னழுத்தம் தடுமாறியிருக்கலாம், கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே போன செய்தி வழியில் சிதைந்திருக்கலாம். டிரைவரிலேயே பிழை இருக்கலாம் என்பதும் உண்மைதான். பள்ளியில் மின்மணி ஒலிக்காவிட்டால் முதலில் அலுவலக உதவியாளரைத்தான் கேட்போம். அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றிருப்பார், மின்சாரம் போயிருக்கும். நீலத் திரையில் வருவது, பொத்தானை அழுத்தி நின்றவரின் பெயர்.

நோட்டு போடுவது

நீலத் திரையைப் படிக்க வேண்டும் என்றால் அது நிற்க வேண்டும். எக்ஸ்பி வழக்கமாக உடனே மறுதொடக்கம் செய்துவிடும். மை கம்ப்யூட்டர் மீது வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி என்று போனால் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டம் இருக்கும். அதன் குறியை எடுத்துவிட்டால் திரை நகராமல் நிற்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நால்வரிடம் ஒரு நீள நோட்டைக் கொடுத்தேன். கணினியை இயக்கிய நேரம், நின்ற நேரம், அப்போது ஓடிய மென்பொருள், திரையில் வந்த சொற்கள், அன்று நாம் மாற்றிய ஒரே ஒரு விஷயம் என்று பத்திகள் போட்டார்கள். கணினியின் கடிகாரம் காட்டும் நாளையும் நேரத்தையும் எழுத அவர்களாகவே ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கச் சோம்பல் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பத்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'ஒரே ஒரு விஷயம்' என்பதைத்தான் நான் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டேன். ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டின் எடையையும் சேர்த்து மாற்றக் கூடாது என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கணினி பழுதானால் டிரைவர், நினைவகம், கேபிள் மூன்றையும் ஒரே மதியத்தில் மாற்றுகிறோம். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி கெட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நோட்டில் இரண்டு வாரம் எழுதியபின் அதை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு முறையும் ஒரே செயலில், ஒரே நொடியில் விழுந்தால் மென்பொருள் அல்லது டிரைவர் மீது சந்தேகம் கூடும். இயக்கி அரை மணி நேரம் ஆனபின், அதுவும் பிற்பகலில் அதிகம் என்றால் சூடு. எந்த ஒழுங்கும் இல்லாமல், தட்டச்சு செய்யும்போதும் விழுந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்கள் வந்தால் நினைவகத்தையோ மின்வழங்கியையோ பார்க்க வேண்டும். எங்களுடையது எதிலும் முழுமையாக அடங்கவில்லை. செலஸ்டியா ஓடும்போது மட்டும் விழுந்தது. வந்த சொற்கள் எப்போதும் ஒன்றே. ஆனால் நேரம் மட்டும் 3 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை அலைந்தது.

டிரைவரை விலக்கிப் பார்த்தல்

டிரைவர் மீது சந்தேகம் என்றால், அது இல்லாமல் கணினி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே நேர்வழி. டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவரை நீக்கிவிட்டு, புதிய கருவி கண்டறியப்பட்டது என்று கேட்கும் பெட்டியை ரத்து செய்தால், விண்டோஸ் தன்னிடம் உள்ள அடிப்படை விஜிஏ டிரைவரைக் கொண்டு ஓடும். 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த தரம் இது. இன்றுவரை எந்தக் கார்டும் மறக்காத தாய்மொழி. சின்னங்கள் எல்லாம் பெரிதாக, படம் எல்லாம் சாயம் போனதுபோல் தெரியும், பயப்பட வேண்டாம். எஃப்8 பட்டியலில் 'எனேபிள் விஜிஏ மோடு' என்று ஒன்று இருப்பதைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். எக்ஸ்பியில் அது ஏற்கெனவே இருக்கும் டிரைவரையே குறைந்த தெளிவில் ஓட்டும். சோதனைக்கு அது உதவாது.

இரண்டு நாள் அடிப்படை டிரைவரோடு ஓட்டினோம். ஒரு முறைகூட விழவில்லை. ஆனால் செலஸ்டியாவை அதில் ஓட்ட முடியாதே. ஆகவே டிரைவரை மறுபடி நிறுவி, டிஸ்ப்ளே ப்ராப்பர்ட்டீஸில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, ட்ரபிள்ஷூட் என்று போய் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்ற நகரியை இடது ஓரத்துக்கு இழுத்தோம். இப்போது கார்டு சும்மா இருக்க, முப்பரிமாணக் கணக்கை எல்லாம் செயலியே போடும். சனிக்கோள் நகர்வதற்குள் கொட்டாவி வரும் வேகம்! ஆனாலும் ஒரு பாடவேளை முழுவதும் விழாமல் ஓடியது. கார்டை வேலை வாங்கினால்தான் கோளாறு என்பது இப்போது உறுதியாயிற்று.

அடுத்து டிரைவரின் பதிப்பு. இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: புதிய பதிப்பு எப்போதும் நல்லது என்று. புதிய பதிப்புகள் புதிய கார்டுகளுக்காக எழுதப்படுபவை. பழைய கார்டுக்கு அதன் காலத்துப் பதிப்பே பல நேரங்களில் நிலையாக இருக்கும். கார்டோடு வந்த குறுந்தகட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். நிறுவும் வரிசையும் முக்கியம். முதலில் மதர்போர்டின் சிப்செட் டிரைவர், அடுத்து டைரக்ட்எக்ஸ், கடைசியில் கிராபிக்ஸ் டிரைவர். சிப்செட் டிரைவர் இல்லாவிட்டால் ஏஜிபி வழியே சரியாகத் திறக்காது. கிராபிக்ஸ் டிரைவர் நிறுவியதுபோல் தெரியும், ஆனால் முப்பரிமாணம் வந்தவுடன் தடுமாறும். ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழையதை நீக்கி, மறுதொடக்கம் செய்து, அதன்பின் புதியதை நிறுவுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதே பாதித் தொல்லைகளுக்குக் காரணம். 'எல்லா டிரைவர்களையும் தானாகப் புதுப்பிக்கும்' என்று சொல்லிக்கொள்ளும் இலவச மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றுவிட்டன என்பதால் அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமலே வைப்பது நல்லது. டிரைவரை வேறு கணினியில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, வைரஸ் சோதித்து, பென் டிரைவில் கொண்டுவரலாம்.

வெவ்வேறு ஆண்டுகளில் வந்த மூன்று பதிப்புகளை முறையாக நீக்கி நீக்கி நிறுவிப் பார்த்தோம். மூன்றிலும் விழுந்தது, அதே சொற்களோடு. மூன்று பேர் தனித்தனியாக எழுதிய விடைத்தாளில் ஒரே தவறு வந்தால் கேள்வித்தாளைப் பார்ப்போம் அல்லவா? நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது அப்போதுதான்.

பெட்டியைத் திறந்தபின்

மாணவர்களை அருகில் வைத்துக்கொண்டு திறப்பதால் சில விதிகளைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றியபின் கணினியின் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்னூட்டம் இறங்கும். கார்டைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட வேண்டும், ஓரங்களைப் பிடித்தே கார்டைத் தூக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் பழைய குழாய் மானிட்டரையும் எக்காரணம் கொண்டும் யாரும் திறக்கக் கூடாது. குழாய் மானிட்டரின் உள்ளே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு உயர் மின்னழுத்தம் இருக்கும், அணைத்தபின்னும் தங்கும். இந்த ஒன்றில் மட்டும் ஆர்வமுள்ள மாணவர் என்று யாருக்கும் சலுகை கிடையாது.

கரும்பலகைத் தூள் படியும் அறையில் இருபது ஆண்டு நின்ற கணினியின் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூசியை மென்தூரிகையால் எடுத்தோம். கார்டின் சிறு மின்விசிறி சுற்றுகிறது. கார்டைக் கழற்றி, பொன்முலாம் பூசிய விளிம்பை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, மறுபடி அழுத்திச் செருகினோம். பல பள்ளிகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். ஏஜிபி ஸ்லாட்டில் கார்டு அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால்கூட இப்படிப்பட்ட கோளாறு வரும். எங்களுக்கு முடியவில்லை. ஆகவே பெட்டியைத் திறந்த நிலையில் வைத்து மேசை மின்விசிறியைக் காற்று உள்ளே போகும்படி திருப்பிவிட்டு செலஸ்டியாவை ஓட்டினோம். சூடு காரணமாக இருந்தால் விழும் நேரமாவது தள்ளிப்போக வேண்டும். 6ஆம் நிமிடத்தில் விழுந்தது. சூட்டை நோட்டில் அடித்தார்கள்.

நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைக் குறுந்தகட்டிலிருந்து ஓட்டலாம். காலையிலிருந்து மாலை வரை ஓடியதில் ஒரு பிழையும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வன்தட்டுக்கு வரும் நான்கு துளை இணைப்பில், கணினி ஓடும்போது நான் மட்டும் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் இடையே 12 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். 5 விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. எங்களுடையவை 11.8, 4.96. தேறிவிட்டன. ஆனால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை மட்டுமே என்பதை இயற்பியல் ஆசிரியர்கள் அறிவார்கள். ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு வரும் ஏற்ற இறக்கம் அதில் தெரியாது.

அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய வேண்டியவை மதர்போர்டில் நிற்கும் சிறு உருளை வடிவ மின்தேக்கிகள். மாணவர்களிடம் டார்ச் விளக்கைக் கொடுத்து, "எதன் தலை தட்டையாக இல்லை?" என்று மட்டும் கேட்டேன். ஏஜிபி ஸ்லாட்டின் அருகே மூன்றைக் காட்டினார்கள். சப்பாத்தி மாவு உப்பியதுபோல் மெல்லிய உப்பல். 1990களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் விற்ற மதர்போர்டுகளில் குறைபாடுள்ள மின்பகு திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் ஏராளமாக இடம்பெற்றன. அவை காலப்போக்கில் வாயு சேர்ந்து உப்பி, தேக்கும் திறனை இழந்தன. மின்தேக்கிப் பாடத்தைப் பத்து முறை நடத்தியும் கேட்காத கேள்விகளை அன்று பிள்ளைகள் கேட்டார்கள்.

ஏஜிபி என்பது இன்டெல் 1996இல் கொண்டுவந்த வழி. அதற்கு முன்னிருந்த பிசிஐ வழி, விநாடிக்கு 133 எம்பி அளவை எல்லாக் கருவிகளுக்கும் பங்குபோட்டது. ஏஜிபி கிராபிக்ஸ் கார்டுக்கென்றே தனிச்சாலை. 1எக்ஸ் வேகத்தில் 266 எம்பி, 4எக்ஸில் 1066, 8எக்ஸில் 2133. கடிகாரத் துடிப்பு எல்லாவற்றிலும் 66 மெகாஹெர்ட்ஸ்தான். 8எக்ஸில் ஒரே துடிப்புக்குள் எட்டுமுறை தகவல் போகும். மிக வேகமாகச் சொல்லெழுத்து சொன்னால் நல்ல அமைதியான அறையில் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். பக்கத்து அறையில் இரைச்சல் என்றால் சொற்கள் விட்டுப்போகும். உப்பிய மின்தேக்கிகள் அந்த இரைச்சல். விட்டுப்போன சொல்லுக்காகக் கார்டு நின்றுவிடுகிறது, கார்டுக்காக டிரைவர் நிற்கிறது, டிரைவரின் பெயர் திரையில் வருகிறது. நிமிடம் ஏன் 3லிருந்து 40 வரை அலைந்தது என்பதும் இப்போது பொருந்தி வந்தது.

இது உண்மையா என்று பார்க்கச் செலவில்லாத வழி, மெதுவாகச் சொல்லச் சொல்வது. கணினி தொடங்கும்போது டெலிட் விசையை அழுத்தி பயாஸ் அமைப்புக்குள் போனோம். முதல் நாள் 'ஏஜிபி ஃபாஸ்ட் ரைட்' என்பதை மட்டும் நிறுத்தினோம், விழுந்தது. அடுத்த நாள் 8எக்ஸை 4எக்ஸ் ஆக்கினோம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நான்கு நாளும் செலஸ்டியா ஓடியது. வேகம் குறைந்ததாக யாருக்கும் தெரியவில்லை. கோள்களின் படங்கள் ஒருமுறை கார்டின் சொந்த நினைவகத்துக்கு வந்துவிட்டால் அந்தச் சாலையில் அவ்வளவு போக்குவரத்து இருக்காது.

திங்கட்கிழமை மறுபடி விழுந்தது.

நோட்டின் அந்தக் கூடுதல் பத்தி

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் மதர்போர்டு போய்விட்டது என்று முடித்திருப்பார்கள். நோட்டு எழுதும் மாணவி ஒருத்தி, "சார், இன்னிக்கு கம்ப்யூட்டர்ல தேதி 2003 ஜனவரி 1ன்னு இருக்கு. போன ரெண்டு திங்கட்கிழமையும் அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்று பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். காலையில் கணினியை இயக்கும் பொறுப்பில் இருந்த மாணவனைக் கேட்டேன். "ஆமா சார், திங்கட்கிழமைன்னா இங்கிலீஷ்ல ஏதோ வரும், எஃப்1 அமுக்கினா போயிடும்" என்றான். வந்தது, பயாஸின் சேமிப்பில் பிழை, தொடக்க அமைப்புகள் ஏற்றப்பட்டன, தொடர எஃப்1 அழுத்தவும் என்ற அறிவிப்பு.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம்போல ஒரு மின்கலம் இருக்கும். சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் கணினி அணைந்திருக்கும்போது காப்பது அதுதான். அது தீர்ந்திருந்தாலும் வார நாட்களில் தெரியாது. சுவர் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சிறு மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டிருக்கும். வெள்ளி மாலை பள்ளியின் மெயினை அணைத்துவிட்டுப் போகிறோம். இரண்டு நாளில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, ஆலையிலிருந்து வந்த அமைப்புக்குத் திரும்புகிறது. நாள் 2003க்கும், ஏஜிபி 8எக்ஸுக்கும்! மின்கலத்தைக் கழற்றி அளந்தால் 2.1 வோல்ட்.

கைக்கடிகாரக் கடையில் புதிய மின்கலம் வாங்கிப் போட்டு, நாளைத் திருத்தி, 4எக்ஸ் ஆக்கினோம். ஃபாஸ்ட் ரைட்டையும் நிறுத்தியே வைத்தோம். முன்பே பார்த்தபடி அது தனியாக எதையும் சரிசெய்யவில்லை. ஆனால் தளர்ந்த மதர்போர்டில் அதற்கு அவசியமும் இல்லை. அதன்பின் இந்த ஆண்டு ஒளியியல் பாடமும் அண்டம் பாடமும் முழுமையாக அந்தக் கணினியிலேயே முடிந்தன. உப்பிய மின்தேக்கிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை மாற்ற நல்ல பற்றவைப்புக் கை வேண்டும். பல அடுக்கு மதர்போர்டில் பழகாத கை வைத்தால் தடம் பிய்ந்துவிடும். என்றாவது 4எக்ஸிலும் விழத் தொடங்கினால் அடுத்து பார்க்க வேண்டிய இடம் எது என்பது தெரியும். அதுவரை போதும்.

உங்கள் பள்ளியில் உள்ளது சற்றுப் புதிய கணினி என்றால் ஏஜிபி இருக்காது. 2004 முதல் பிசிஐ எக்ஸ்பிரஸ் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வழிமுறை மாறாது. விண்டோஸ் 7இலும் 10இலும் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று தேடித் திறந்தால், எந்த நாளில் எது விழுந்தது என்று கணினியே நோட்டு போட்டு வைத்திருக்கும். லினக்ஸ் நிறுவிய கணினிகளில் திரை கறுத்து நின்றால், தொடக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். எக்ஸ்பியில் நாம் அடிப்படை விஜிஏ டிரைவரைக் கொண்டு செய்த சோதனைக்கு ஏறத்தாழ இணையானது அது. மதர்போர்டோடு ஒட்டியே வரும் கிராபிக்ஸ் என்றால் கழற்றித் துடைக்கக் கார்டு கிடையாது. ஆனால் அது கணினியின் பொது நினைவகத்தையே கடன்வாங்கி ஓடுவதால் மெம்டெஸ்ட்டைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே ஓட்டிவிடலாம்.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். 'ஏஜிபி 4எக்ஸ், ஃபாஸ்ட் ரைட் நிறுத்தம், மின்கலம் மாற்றிய நாள்' என்று மூன்று வரி. நான்காவது வரியை மாணவர்கள் சேர்த்தார்கள்: 'எஃப்1 அழுத்துமுன் திரையில் உள்ளதைப் படித்து நோட்டில் எழுதவும்.'